நவோத்தோ இப்போது இடத்தில் இல்லை

நாளெல்லாம் அவர் பெயரை மொட்டையாகச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓதகிரி இப்ப இடத்துல இல்லைங்க. வந்ததும் உங்ககிட்ட பேசச் சொல்றேன்."

அவ்வளவுதான். நகோயாவிலிருந்தோ ஒசாகாவிலிருந்தோ ஏதோ ஒரு கண்ணாடிக் கடைக்காரர் கூப்பிடுவார். நான் இதைச் சொல்வேன். பெயருக்குப் பின்னால் 'சான்' கிடையாது. வெளியாளிடம் பேசும்போது நம்மவருக்கு மரியாதை ஒட்டுப் போடுவது அசிங்கம். முதலாளியே ஆனாலும் மொட்டைப் பெயர்தான். ஃபோனை வைத்த அடுத்த நொடி அவர் பழையபடி ஓதகிரி-சான் ஆகிவிடுவார். நடுவில் அந்த ஒரு வாக்கியத்தின் நீளத்துக்கு அவர் வெறும் ஓதகிரி. அந்த நீளத்தில் நான் ஒரு வீடு கட்டிக் குடியேறியிருந்தேன்.

யாருக்கும் தெரியாது. நான் அதிகம் பேசாதவள். சபாயே ஊரில், மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்கிற எங்கள் சின்னக் கம்பெனியில், மினோபே ஷிஹோ என்றால் ஃபோனில் வரும் குரல் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. ஃபோனை வைத்தால் குரலும் அணைந்துவிடும். மதிய இடைவேளையில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் சன்னல் வழியே வெளியே பார்த்தபடி சோற்று உருண்டையைத் தின்பேன். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஓதகிரி-சான் என் எதிர் மேசை. மாதிரிச் சட்டங்களைப் பெட்டியில் அடுக்கிக் கடை கடையாகக் கொண்டுபோவது அவர் வேலை. சில சமயம் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். தொல்லை பிடித்த கடைக்காரர் கூப்பிட்டால் தலையை ஆட்டி இல்லையென்று சொல்லச் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஓதகிரி இப்ப இடத்துல இல்லைங்க" என்பேன். அவர் காது மடல் இரண்டும் சிவந்துபோகும்.

எங்கள் மேனேஜர் குருமதானி ரொம்ப நல்ல மனிதர். "ஓதகிரி-சான், காதெல்லாம் செவந்திருக்கே, ஹீட்டர் அதிகமோ?" என்று எழுந்துபோய்க் குறைத்துவிடுவார். கணக்குப் பார்க்கும் ஹோசுமி பல் கிடுகிடுக்க இன்னொரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்வாள். போன குளிர்காலம் முழுக்க இது நடந்தது.

போன குளிர்காலத்தில்தான் அதுவும் தொடங்கியது. சுருகாவுக்கு ஒரு சரக்கைக் கொடுக்கப் போன இடத்தில் பனியில் சாலை அடைத்துக்கொண்டது. காரில் நானும் அவரும். வைப்பர் போய்ப் போய் வந்தது. பொழுது சாய்கிறவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்கிற ஒருவரின் பக்கத்தில் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் பேசாமல் இருக்கும்போது அடுத்து என்ன பேசலாம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேடலின் சத்தம் எனக்குக் கேட்டுவிடும். அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஊர் வந்து இறங்கும்போது அவர் சொன்னார்:

"இன்னிக்கு நல்லா பேசிக்கிட்டு வந்தோம், மினோபே-சான்."

வீட்டுக்குப் போய்க் குளியல் தொட்டியில் முங்கி, தண்ணீருக்குள்ளேயே சிரித்தேன்.

அதற்குப் பிறகு வசந்தம் போய், கோடை போய், நண்டுப் பருவம் தொடங்கிவிட்டது. வெளியில் கைகோத்துக்கொண்டு நடந்தாலும் அவர் எனக்கு ஓதகிரி-சான். நான் அவருக்கு மினோபே-சான். முத்தம் கொடுத்த பிறகு "மன்னிக்கணும், மினோபே-சான்" என்றார். "பரவாயில்லைங்க, ஓதகிரி-சான்" என்றேன். இரண்டு கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டமாதிரி இருந்தது.

*

நிஷியாமா பூங்காவில் சிவப்புப் பாண்டாக்கள் இருக்கின்றன. நவம்பரில் ஒரு மாலை, வேலை முடிந்து அவற்றின் கூண்டுக்கு முன் நின்றிருந்தபோது ஓதகிரி-சான் பாண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கிழமை அவாராவுக்கு வர்றீங்களா? அம்மாகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்."

"என்னன்னு?"

"கல்யாணம்னு."

பாண்டா ஒரு மூங்கில் இலையைக் கடித்தது. நாங்கள் இருவரும் அது மென்று முடிக்கிறவரை காத்திருந்தோம். பிறகு நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். பாண்டாவும் ஆட்டியது என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார். "அங்க வந்து ஓதகிரி-சான்னு கூப்பிட்டீங்கன்னா அம்மாவும் திரும்புவாங்க. சாமி அலமாரியில அப்பா போட்டோ இருக்கு, அவரும் திரும்புவாரு."

"அப்ப எப்படிக் கூப்பிடறது?"

"நவோத்தோன்னு."

"நவோத்தோ-சான்?"

"வெறும் நவோத்தோ. அம்மா கவனிப்பாங்க. அவங்க அவாரா வெந்நீர் விடுதியில பணிப்பெண்களுக்கெல்லாம் தலைமையா இருந்தவங்க. வாசல்ல ஒரு ஜோடி வந்து நின்னா, ஒருத்தர ஒருத்தர் எப்படிக் கூப்பிடறாங்கன்னு கேட்டே புருஷன் பொண்டாட்டியா, இல்ல வேற கதையான்னு சொல்லிடுவாங்க. நீங்க என்னை 'சான்' போட்டுக் கூப்பிட்டா, நானாத்தான் கல்யாணம்னு உளறிக்கிட்டு ஒரு ஆஃபீஸ் ஆளை இழுத்துட்டு வந்திருக்கேன்னு நெனச்சுக்குவாங்க."

"நீங்க மட்டும் என்னை எப்படிக் கூப்பிடுவீங்களாம்?"

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கம்பியைப் பிடித்தார். "ஷிஹோ" என்றார். நான் ஆகாயத்தில் மிதக்கத் தொடங்கும்போது, "-சான்" என்று பின்னாலேயே ஒன்று வந்து விழுந்தது.

என் நிலைமை இன்னும் மோசம். கூண்டுப் பலகையில் பாண்டாவின் பெயர் எழுதியிருந்தது. முதலில் அதைக் கூப்பிட்டுப் பழகலாம் என்று பார்த்தேன். அதற்கே 'சான்' போட்டுவிட்டேன்.

"ஃபோன்ல மட்டும் வெறும் ஓதகிரின்னு அவ்வளவு நல்லா சொல்றீங்களே" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது, கடைக்காரர்கள் மேல்.

அதுதான் வழி என்று தோன்றியது. நிமிர்ந்து நின்று, ஃபோன் குரலை எடுத்து, குடும்பப் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயரை வைத்தேன்.

"நவோத்தோ இப்ப இடத்துல இல்லைங்க."

வந்துவிட்டது! வெண்ணெய் மாதிரி வந்தது.

"நான் இங்கதானே இருக்கேன்?" என்றார்.

"தெரியும். ஆனா இல்லைன்னு சொன்னாத்தான் பேர் வருது."

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் பழகினேன். சோறு வேகும்போது குக்கரிடம் சொன்னேன். பல் விளக்கும்போது கண்ணாடியிடம் சொன்னேன். குளியல் தொட்டியில் சொன்னால் ஓடுகளில் பட்டு எதிரொலித்துத் திரும்பி வந்தது. நவோத்தோ இப்ப இடத்துல இல்லைங்க. நவோத்தோ கொஞ்சம் வெளிய போயிருக்கார்ங்க. கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டிருந்தால், யாரோ ஒருவர் ஓயாமல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறார் என்று பயந்திருப்பார்.

*

வெள்ளிக்கிழமை காலை குருமதானி மேனேஜரின் பயிற்சி இருந்தது. ஆஃபீஸில் எல்லாரும் சேர்ந்து செய்யும் காலை உடற்பயிற்சி முடிந்ததும் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஃபோன் மாதிரிக் காதில் வைத்துக்கொள்வார். ஏதாவது ஒரு வேஷம் போடுவார். நாங்கள் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். பெயருக்கு எந்த ஒட்டு எங்கே வரவேண்டும் என்பது அவருக்கு மதம் மாதிரி. வீட்டுப் பூனையைக்கூட சான் போட்டுத்தான் கூப்பிடுவார்.

"நான் சென்டாய் கடைக்காரன். உங்க முதலாளி இருக்காரா?" என்றார் கட்டைக்குரலில்.

"எங்க முதலாளி வெளியூர் போயிருக்கார்ங்க" என்று அவர் மொட்டைப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள் ஹோசுமி.

"சரி. இப்ப மினோபே-சான்." பெட்டியை மறு காதுக்கு மாற்றினார். குரல் கீச்சென்று மேலே ஏறியது. "நான் ஓதகிரியோட அம்மா பேசறேன். என் பையன் இருக்கானா?"

ஓதகிரி-சான் மாதிரிப் பெட்டியைத் தவறவிட்டார். சட்டங்கள் சிதறின.

"ஓதகிரி-சான் இப்ப இடத்துல இல்லைங்க" என்றேன்.

"பாத்தீங்களா! வெளியாளுக்கு மொட்டை. வீட்டு ஆளுக்கு சான். ஏன்? அவங்க பிள்ளையை அவங்ககிட்டயே மொட்டையா சொல்ல நாம யாரு? சான் போடவேண்டிய இடத்துல போடாம விடறது, பேன்ட் போடாம வெளிய போறமாதிரி. மினோபே-சான் மட்டும் எப்பவும் உடுத்திக்கிட்டுத்தான் இருக்காங்க."

"மேனேஜர், சொல்ற விதம்..." என்றாள் ஹோசுமி.

"உவமைக்குச் சொன்னேன்!" என்று அவர் சிவந்துபோய் ஹீட்டரைக் குறைத்தார்.

பிறகு ஓதகிரி-சான் கடைகளுக்குக் கிளம்பிப் போனார். செல்ஃபோனை மேசையிலேயே விட்டுவிட்டார். மதியத்துக்கு முன் அது ஒருமுறை அதிர்ந்தது, மேசையில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தது, நின்றது. உடனே ஆஃபீஸ் ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"வேலை நேரத்துல தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றது ஒரு பெண்குரல். தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல். ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவதுபோல் இருந்தது. "அவாராவுல இருந்து ஓதகிரி பேசறேன். நவோத்தோ அங்க இருக்கானுங்களா?"

எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. யார் பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன சொல்லவேண்டும் என்றும் தெரியும், காலையில்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தப் பெயர் அந்தக் குரலில் வந்து விழுந்ததும், வாரமெல்லாம் குக்கரிடமும் குளியலறை ஓடுகளிடமும் பழகியிருந்த வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"நவோத்தோ இப்ப இடத்துல இல்லைங்க. வந்ததும் பேசச் சொல்றேன்."

ஹோசுமியின் விரல் கால்குலேட்டர் மேல் அப்படியே நின்றது. குருமதானி மேனேஜர் தேநீர்க் கோப்பையை வாயருகே வைத்தபடி கல்லாகிவிட்டார்.

ஃபோனில் மௌனம். மௌனங்களில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. கோபத்தின் மௌனம் சூடாக இருக்கும். சலிப்பின் மௌனத்தில் மூச்சு கேட்கும். இது எதிலும் சேரவில்லை. ஒரு பெரிய வீட்டில் யாரோ ஒருவர் ஒவ்வோர் அறையாக விளக்குப் போட்டுக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

"அப்படீங்களா" என்றது குரல் கடைசியில். "அப்படீன்னா, நவோத்தோ-சான் வந்ததும் தயவுபண்ணி ஒண்ணு கேட்டுச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை அவர் கூட்டிட்டு வர்றவங்க நண்டு சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடுவேங்க" என்றேன்.

இன்னொரு மௌனம். இது சின்னது.

"சந்தோஷம்ங்க" என்றது குரல். ஃபோன் வைக்கப்பட்டது, பூவை வைப்பதுபோல.

*

"நவோத்தோவா?" என்றாள் ஹோசுமி.

நான் சன்னலைப் பார்த்தேன்.

"நவோத்தோ! வெறும் நவோத்தோ! ஞாயித்துக்கிழமை நண்டு! மினோபே-சான், என்னைப் பாருங்க. அந்தக் காது... போன வருஷம் அந்தக் காது ஹீட்டரால செவக்கலையா?"

தலையசைத்தேன்.

"அப்ப குளிர்காலம் பூரா ரெண்டு சால்வை போட்டு நடுங்கினேனே, அது உங்க காதலுக்கா? எனக்கு சளி பிடிச்சு மார்ச் வரைக்கும் போகலை!"

குருமதானி மேனேஜருக்குக் காதல் கீதல் எதுவும் காதில் விழவில்லை. "அம்மாகிட்ட" என்று முனகினார். "பெத்த அம்மாகிட்ட. சான் இல்லாம. குடும்பப் பேரு இல்லாம." நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். "எங்க ஆஃபீஸ்ல. என் பயிற்சி முடிஞ்ச அன்னிக்கே."

"இருங்க மேனேஜர்" என்றாள் ஹோசுமி. "அவங்க பதிலுக்கு என்ன சொன்னாங்க, மினோபே-சான்?"

"நவோத்தோ-சான் வந்ததும்னு சொன்னாங்க."

"தன் மகனுக்கே சான் போட்டாங்களா?" ஹோசுமி நாற்காலியில் துள்ளினாள். "அப்ப ஏத்துக்கிட்டாங்க! மகன் இனி உங்க வீட்டு ஆளுன்னு கையில தூக்கிக் கொடுத்துட்டாங்க!"

"இல்ல" என்றார் மேனேஜர் இருண்டு. "அது கத்தி. மரியாதையால வெட்டறது. 'நீ அவ்வளவு சொந்தம்னா நான் வெளியாளா இருந்துக்கறேன்'னு அர்த்தம்."

இருவரும் வாதாடினார்கள். விநோதம் என்னவென்றால், மேனேஜரின் சட்டப்படியே பார்த்தாலும் கணக்கு முடியவில்லை. நான் ஓதகிரி வீட்டு ஆள் என்றால், மாமியாரிடம் கணவன் பெயரை மொட்டையாகச் சொன்னது சரி. நான் வெறும் ஆஃபீஸ் ஆள் என்றால் அது மாபெரும் தவறு. மேனேஜர் வெகுநேரம் யோசித்தார்.

"இது தப்பில்லாம ஆகறதுக்கு ஒரே வழிதான் இருக்கு" என்றார். "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கணும். சீக்கிரம். முன்தேதி போட்டாவது."

சாயங்காலம் ஓதகிரி-சான் மழையில் நனைந்து உள்ளே வந்தபோது ஹோசுமி எழுந்து நின்று, என் ஃபோன் குரலில், "நவோத்தோ இப்பத்தான் இடத்துக்கு வந்தாருங்க" என்றாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காது இரண்டும் மெல்லச் சிவந்தன. "தொடாதீங்க!" என்று ஹோசுமி ஹீட்டருக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தம் வரை நடக்கும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குடையை நிறுத்திப் பிடித்தார்.

"நவோத்தோ-சான்னா சொன்னாங்க? சரியா ஞாபகம் இருக்கா?"

"ஏன்?"

"அம்மா என்னைச் செல்லமா நவோ-ச்சான்னுதான் கூப்பிடுவாங்க. மீசை முளைச்ச பிறகும். அவங்களுக்குக் கோபம் வந்தா குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். ஒரு தடவை அப்பா குடிச்சுட்டு வந்தப்ப, விடுதி விருந்தாளிக்குச் சொல்றமாதிரி சானுக்கும் மேல போய் 'வாங்க ஓதகிரி-சாமா'ன்னாங்க. அப்பா திரும்பிப் போய் கார்லயே தூங்கினாரு."

மழை குடையில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பயத்தில் சுருண்டு கிடந்தாள். இன்னொருத்தி, அவர் அம்மாவிடமே நான் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று கையைத் தட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் ஒரே கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை நடமாடினேன்.

*

அவர் அம்மா வாசலில் மண்டியிட்டுக் காத்திருந்தார். சாம்பல் நிறக் கிமோனோ. தலை தரையைத் தொடுகிற அளவு வணங்கி நிமிர்ந்தார்.

"வரணும், மினோபே-சாமா" என்றார். "இந்த எளிய வீடு தேடி இவ்வளவு தூரம் வந்ததுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

சாமா.

ஓதகிரி-சானின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்கள் வாசலுக்கு வெளியே நின்றிருந்த காரை நோக்கிப் போய்விட்டு வந்தன.

நான் கொண்டுபோயிருந்த குளிர்ந்த பயறு அல்வாப் பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினேன். "பிரமாதமான பொருளைக் கொடுத்துச் சங்கடப்படுத்தறீங்க, மினோபே-சாமா" என்றார். தேநீர் வந்தது. "சூடு சரியா இருக்குங்களா, மினோபே-சாமா?" ஒவ்வொரு சாமாவுக்கும் நான் ஓர் அங்குலம் பின்னால் தள்ளப்பட்டேன். இன்னும் நாலு சாமா போட்டால் ரயில் நிலையம் வந்துவிடும். ஓதகிரி-சானோ என்னை 'ஷிஹோ' என்றும் கூப்பிடவில்லை, 'ஷிஹோ-சான்' என்றும் கூப்பிடவில்லை. "இவங்க" என்று சன்னலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், திரும்பியபோதெல்லாம் இருமினேன். கல்யாணம் என்ற சொல் எங்கள் மூவருக்கும் நடுவில் மெத்தையில் உட்கார்ந்து தேநீர் குடிக்காமல் இருந்தது.

பிறகு நண்டு வந்தது.

ஆளுக்கு ஒன்று, தட்டை விட்டுக் கால்கள் வெளியே நீட்டியபடி. நண்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அதைத் தின்னும்போது எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. பேச முடியாது. காலை முறித்து, கத்தரியால் பிளந்து, சதையை முழுசாக உருவி எடுப்பதிலேயே உயிர் போய்விடும். எந்தச் சண்டை நடக்கும் வீட்டிலும் நண்டு வந்தால் அமைதி வந்துவிடும். அன்றும் வந்தது. ஓடு முறியும் சத்தம். வினிகரில் தோய்க்கும் சத்தம். வெளியே ஆலங்கட்டி மழை கூரையில் விழுந்து உருண்டது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கவனித்தேன். அம்மாவிடமிருந்து சத்தமே வரவில்லை. அடுத்து என்ன சொல்லலாம் என்று அவர் தேடவில்லை. பேசாமல் இருக்கையில் அவர் வெறுமனே பேசாமல் இருந்தார், முழுசாக. மகனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. எனக்குள் பயந்து சுருண்டிருந்தவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

அப்போது கூடத்து மூலையில் வீட்டு ஃபோன் அடித்தது.

அம்மா கையைப் பார்த்தார். முழங்கைவரை நண்டு. அவர் மகனைப் பார்த்தார். மகன் நிலைமை இன்னும் கேவலம், மூக்குக்கண்ணாடியில்கூடச் சதை ஒட்டியிருந்தது. நான்தான் அப்போது கையைத் துடைத்திருந்தேன்.

"மன்னிக்கணும், மினோபே-சாமா..." என்றார் அம்மா.

எழுந்து போனேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. ரிசீவரின் மேல் கையை வைத்தபிறகுதான் உறைத்தது. என்ன சொல்லி எடுப்பது? "ஓதகிரி அவங்க வீடுங்க" என்றால் விருந்தாளி, அல்லது வேலைக்கு வந்த பெண். வீட்டுக்காரி என்றால் அப்படிச் சொல்ல மாட்டாள். முதுகுக்குப் பின்னால் நண்டு முறியும் சத்தம் நின்றுவிட்டது. விடுதி வாசலில் நின்று ஆயிரம் பேரை எடைபோட்ட காதுகள் அவை.

ஒரு மூச்சு இழுத்தேன்.

"ஓதகிரி பேசறேங்க" என்றேன்.

"ஞாயித்துக்கிழமையில தொந்தரவு பண்றதுக்கு ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்!" என்று மறுமுனை படபடத்தது. "நான் உங்க மகன் வேலை பாக்கற கம்பெனியில மேனேஜர், குருமதானின்னு பேரு. வெள்ளிக்கிழமை நீங்க பண்ணின நம்பரைப் பாத்துத்தான் கூப்பிடறேன். அன்னிலேர்ந்து தூக்கம் வரலைங்க. எங்க மினோபே உங்ககிட்ட மரியாதைக் குறைவா பேசிட்டா. எல்லாம் என் வளர்ப்புச் சரியில்லாததுதான். எங்க மினோபேவை நீங்க பெரிய மனசு பண்ணி..."

எங்க மினோபே. மொட்டையாக. அவர் முறை தவறவில்லை. நான்தான் இப்போது வெளியாள். ஃபோனின் இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்தில் இருக்கும் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரிசீவரை மூடிக்கொண்டு திரும்பினேன். "எங்க மேனேஜர். வெள்ளிக்கிழமை நடந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறாரு."

அம்மா வாயில் நண்டோடு கையை வேகமாக ஆட்டினார். இல்லை, இல்லை, ஒன்றுமில்லை. அந்தக் கையாட்டலில் சாமா எதுவும் இல்லை.

"அது ஒண்ணும் பெரிசில்லீங்க" என்றேன் ஃபோனில். பிறகு என் குரல் தானாகச் சரியான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தது. "எங்கம்மா அதைத் தப்பா எடுத்துக்கலை. அவளே வந்து பேசியிருப்பா, இப்ப நண்டு தின்னுட்டிருக்கா. மன்னிக்கணும்."

வெளியாளிடம் நம் வீட்டாரை அப்படித்தான் சொல்லவேண்டும்.

பின்னால் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். மறுமுனையில் நீண்ட அமைதி. ஒரு நேர்மையான மனிதர் தன் வாழ்நாள் சட்டங்களையெல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்க்கும் அமைதி அது.

"...மினோபே-சான்?" என்றார்.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இல்ல. மன்னிக்கணும். தப்பு." தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்காலியை விட்டு எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஃபோனில் வணங்குகிறார் என்று தெரிந்தது. "ஓதகிரி-சாமா. உங்க மாமியாருக்கு என் வணக்கத்தைத் தெரியப்படுத்தணும். நாளைக்குக் காலையில எங்க மினோபேவை நானே நல்லா கண்டிச்சு வைக்கறேன்."

"ரொம்பக் கண்டிக்காதீங்க" என்றேன். "நல்ல பொண்ணு."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா மேசையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கிமோனோ கையில் வினிகர். "நண்டு தின்னுட்டிருக்காளாம்!" என்றார். "முப்பது வருஷம் எல்லாருக்கும் சாமா போட்டுப் போட்டு நாக்கு தேஞ்சுபோச்சு. என்னை 'தின்னுட்டிருக்கா'ன்னு சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆளு வந்துட்டா!"

"அம்மா, வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்றார் அவர். "நவோத்தோ-சான்னு சொன்னீங்களாமே?"

"எனக்கு எதுக்குக் கோபம்? பதறிட்டேன். யாரோ ஒரு பொண்ணு உன்னை அவ வீட்டு ஆளு மாதிரி, அவ்வளவு பழக்கமா, வெறும் பேரைச் சொல்றா. அப்ப நான்தானே வெளியாள்? வெளியாள் சான் போட்டுத்தானே ஆகணும்? வாய் தானா போட்டுருச்சு."

"அப்ப இன்னிக்கு இவங்களுக்கு எதுக்கு சாமா?"

அம்மா நண்டுக் காலைக் கையில் உருட்டினார். சொல்லக் கூச்சப்படுவது தெரிந்தது.

"பயத்துல" என்றார். "இந்தப் பொண்ணு வேண்டாம்னு போயிட்டா என்ன பண்றதுன்னு." பிறகு தன் தட்டிலிருந்த நண்டு ஓட்டை, அதன் மஞ்சள் குழம்பு சிந்தாமல், இரண்டு கைகளாலும் என் பக்கம் நகர்த்தினார். "ஷிஹோ-சான், ஆறுறதுக்குள்ள வந்து உக்காரும்மா."

உட்காரவில்லை. உட்கார முடியவில்லை, கால் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம். ஃபோன் பக்கத்திலேயே நின்றபடி அவரைப் பார்த்தேன். கண்ணாடியில் நண்டுச் சதை, தாடையில் வினிகர். எவ்வளவு கூப்பிடத் தகுந்த முகம்.

"நவோத்தோ" என்றேன்.

பின்னால் எதுவும் வரவில்லை. இருமல்கூட வரவில்லை.

அவர் கையிலிருந்த கத்தரி தட்டில் விழுந்தது. இரண்டு காதுகளும் அவித்த நண்டின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன.

"இடத்துலதான் இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு வெகுநேரம் நாங்கள் மூவரும் ஒன்றும் பேசவில்லை. நண்டு இன்னும் நிறைய இருந்தது.